கருப்புத் திரையா, கலர்த் திரையா? தூரத்து கம்ப்யூட்டரில் வேலை செய்ய எது சரி?

1969 அக்டோபர் 29, இரவு பத்தரை மணி. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சார்லி க்ளைன் என்ற மாணவர் கீபோர்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். அவர் நுழைய நினைத்தது பக்கத்து அறை கம்ப்யூட்டருக்குள் அல்ல. சுமார் 500 கிலோமீட்டர் தள்ளி, ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்த கம்ப்யூட்டருக்குள். அதற்கு ‘லாகின்’ என்ற ஆங்கில வார்த்தையை டைப் செய்ய வேண்டும். முதல் எழுத்து ‘எல்’ போய்ச் சேர்ந்தது. ‘ஓ’வும் சேர்ந்தது. மூன்றாவது எழுத்தை அடித்தபோது சிஸ்டம் படுத்துவிட்டது. சுமார் ஒரு மணி நேரம் கழித்து, கோளாறைச் சரிசெய்து, முழுதாக உள்ளே நுழைந்தார்கள்.

இன்டர்நெட்டின் முன்னோடியான ஆர்பாநெட்டில் பயணித்த முதல் செய்தி இதுதான். நெட்வொர்க்கை உருவாக்கியதும் மனிதன் முதலில் செய்ய நினைத்தது வணக்கம் சொல்வதையோ, போட்டோ அனுப்புவதையோ அல்ல. எங்கோ இருக்கும் கம்ப்யூட்டரில், இங்கிருந்தபடியே வேலை செய்வதைத்தான்.

அன்றைக்கு ஆராய்ச்சியாளர்களுக்கு மட்டும் இருந்த அந்தத் தேவை, இன்றைக்கு சாதாரணக் குடும்பங்களுக்குள் வந்துவிட்டது. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் மகள், ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கும் டேலியை இரவில் திறந்து பார்க்கும் கணக்கர், கல்லூரி சர்வரில் புராஜெக்ட் செய்யும் மாணவர் என எல்லோரும் தினமும் ஏதோ ஒரு தூரத்து கம்ப்யூட்டருக்குள் நுழைந்து வெளியே வருகிறார்கள். அப்படி நுழைய இரண்டு வாசல்கள் இருக்கின்றன. ஒன்று, எழுத்து மட்டுமே தெரியும் கருப்புத் திரையான ‘டெர்மினல்’. இன்னொன்று, ஐகான், மெனு, மவுஸ் எல்லாம் அப்படியே தெரியும் ‘ரிமோட் டெஸ்க்டாப்’.

‘டெர்மினலா... அது சினிமாவில் ஹேக்கர்கள் பயன்படுத்துவது ஆச்சே’ என்று ஒதுங்குபவர்களும் உண்டு. ‘மவுஸைத் தொடுபவன் புரோகிராமரே இல்லை’ என்று கெத்து காட்டுபவர்களும் உண்டு. இரண்டு பேருமே கேட்க வேண்டிய கேள்வியைத் தவறவிடுகிறார்கள். செய்யப் போகும் வேலை என்ன, கையில் இருக்கும் இணைப்பு எப்படிப்பட்டது என்பவைதான் வாசலைத் தீர்மானிக்க வேண்டும்.

போன் காலும் வீடியோ காலும்

ஊரில் இருக்கும் அம்மாவிடம் பீரோவிலிருந்து ஒரு சர்டிஃபிகேட்டை எடுக்கச் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எங்கே இருக்கிறது என்பது சரியாகத் தெரிந்தால் சாதாரண போன் காலே போதும். ‘ரெண்டாவது தட்டு, சிவப்பு ஃபைல், மூணாவது கவர்’ என்றால் அரை நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். சிக்னல் சுமாராக இருந்தாலும் பிரச்னை இல்லை. ஆனால், எங்கே வைத்தோம் என்பதே ஞாபகம் இல்லையென்றால் வீடியோ கால்தான் சரி. ‘அந்தப் பக்கம் காட்டுங்கம்மா... இல்ல, அதுக்குக் கீழ’ என்று கண்ணால் தேடி எடுக்கலாம். அதற்கு நல்ல சிக்னல் வேண்டும், டேட்டாவும் போகும்.

டெர்மினல் அந்த போன் காலைப் போன்றது. செய்ய வேண்டியதை வார்த்தையில் சொல்ல வேண்டும். அந்த வார்த்தைக்குப் பெயர்தான் ‘கமாண்ட்’. அந்தப் பக்க கம்ப்யூட்டர் அதைச் செய்து, பதிலையும் எழுத்திலேயே அனுப்பும். ரிமோட் டெஸ்க்டாப், வீடியோ காலைப் போன்றது. அந்தப் பக்கத் திரையில் தெரிவது பெரும்பாலும் படமாக மாறி இங்கே வருகிறது. இங்கே நகர்த்தும் மவுஸும், தட்டும் எழுத்தும் அங்கே போகின்றன.

எவ்வளவு சுமை?

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள சின்னக் கணக்கு ஒன்று போதும்.

டெர்மினலின் பாரம்பரிய அளவு, வரிக்கு 80 எழுத்துகள் வீதம் 24 வரிகள். ஆக, முழுத் திரையும் நிரம்பினால் 1,920 எழுத்துகள். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் என்று வைத்தால், 2 கே.பி-கூட இல்லை. வாட்ஸ்அப்பில் வரும் நீளமான ஃபார்வர்டு மெசேஜ் அளவுதான்.

ஃபுல் ஹெச்.டி திரையில் அகலத்துக்கு 1,920 புள்ளிகள், உயரத்துக்கு 1,080 புள்ளிகள். மொத்தம் 20 லட்சத்துக்கும் அதிகம். ஒரு புள்ளியின் நிறத்தைச் சொல்ல மூன்று பைட் வேண்டும். ஆக, ஒரே ஒரு திரைப்படம் சுமார் 6 எம்.பி. டெர்மினல் திரையைவிட 3,000 மடங்குக்கும் மேல்!

உண்மையில் ரிமோட் டெஸ்க்டாப் இவ்வளவையும் அப்படியே அனுப்புவதில்லை. படத்தைச் சுருக்கும், முன்பு இருந்ததிலிருந்து மாறிய பகுதியை மட்டும் அனுப்பும். அதனால்தான் எக்செல் ஷீட்டைத் திறந்துவைத்து யோசித்துக்கொண்டிருந்தால் டேட்டா அவ்வளவாகப் போகாது. ஆனால், பக்கத்தை மேலும் கீழும் உருட்டினாலோ, வீடியோ ஓடினாலோ திரை முழுக்க மாறும். அப்போது டேட்டா கரையும். சராசரியாக விநாடிக்கு ஒரு மெகாபிட் ஓடுவதாக வைத்தாலே மணிக்கு 450 எம்.பி ஆகிறது. எட்டு மணி நேர வேலைக்கு 3.6 ஜி.பி. தினம் 1.5 ஜி.பி அல்லது 2 ஜி.பி பேக்கை நம்பி போன் ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்பவருக்கு மதியத்திலேயே டேட்டா தீர்ந்துவிடும். அதே ஹாட்ஸ்பாட்டில் டெர்மினலில் டைப் செய்து, பதிலைப் படித்து வேலை பார்த்தால், நாள் முழுக்க உழைத்தாலும் பேக்கில் பெரிய ஓட்டை விழாது.

இந்த வித்தியாசம் வெறும் வசதி சம்பந்தப்பட்டது அல்ல. ஃபைபர் இணைப்பும் புது லேப்டாப்பும் இருக்கும் வீட்டில் எந்த வாசலில் நுழைந்தாலும் வேலை நடக்கும். பழைய லேப்டாப், ஜன்னல் ஓரம் வைத்தால் மட்டும் சிக்னல் எடுக்கும் போன்... இவை மட்டுமே இருக்கும் வீட்டில், டெர்மினல் தெரிந்திருப்பதுதான் வேலை நடப்பதற்கும் நடக்காததற்கும் உள்ள இடைவெளி. உலகின் மிகப்பெரிய சூப்பர் கம்ப்யூட்டர்களையும் ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலும் இந்தக் கருப்புத் திரை வழியாகத்தான் இயக்குகிறார்கள். டாப் 500 பட்டியலில் உள்ள சூப்பர் கம்ப்யூட்டர்கள் அத்தனையும் 2017 நவம்பரிலிருந்து லினக்ஸில்தான் ஓடுகின்றன. கணக்குப் போடும் சுமை முழுவதையும் அந்தப் பக்கம் இருக்கும் இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. இந்தப் பக்கம் இருப்பது எவ்வளவு பழைய லேப்டாப் என்று அது கேட்பதில்லை.

வேகம் வேறு, தாமதம் வேறு

‘எங்க வீட்டுல 100 எம்.பி.பி.எஸ் பிளான். அப்பவும் மவுஸ் ஜவ்வு மாதிரி இழுக்குது’ என்று சிலர் புலம்புவார்கள். காரணம், வேகம் மட்டும் அல்ல, தூரம்.

கண்ணாடி இழைக் கேபிளில் ஒளி விநாடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் பாய்கிறது. சென்னையிலிருந்து மும்பை சுமார் 1,000 கிலோமீட்டர். போய்வர நூறில் ஒரு பங்கு விநாடி போதும். ஆனால், சர்வர் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருந்தால், நேர்கோட்டிலேயே 13,000 கிலோமீட்டருக்கும் அதிகம். கேபிள் நேராகப் போனால்கூட போய்வர 0.13 விநாடி. நிஜத்தில் கேபிள் கடல் கடலாக வளைந்து போகிறது. வழியில் பல இடங்களில் நின்று திரும்புகிறது. ஆக, இன்னும் கூடும். எந்த பிளான் போட்டாலும் இந்தத் தாமதத்தைக் காசு கொடுத்து ஒழிக்க முடியாது.

பத்தில் ஒரு விநாடிக்குள் பதில் வந்தால் மனிதருக்கு அது ‘உடனே’ நடந்ததுபோலத் தோன்றும். அதைத் தாண்டினால் இழுவை தெரிய ஆரம்பிக்கும். டெர்மினலிலும் இந்தச் சிக்கல் உண்டு. தட்டிய எழுத்து அந்தப் பக்கம் போய், திரும்பி வந்த பிறகுதான் திரையில் தெரியும். ஆனால், என்ன டைப் செய்கிறோம் என்பது நமக்குத் தெரியும் என்பதால் பார்க்காமலேயே முழு வரியையும் அடித்து முடித்துவிடலாம். மவுஸில் அது நடக்காது. அம்புக்குறி எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் நகர்த்த முடியும். அதனால், அதே தாமதம் ரிமோட் டெஸ்க்டாப்பில் இரட்டிப்பாக எரிச்சலூட்டும்.

டெர்மினலின் இந்த இழுவைக்கு மருந்து கண்டுபிடித்தவர்களில் சென்னையோடு தொடர்புடைய ஒருவரும் இருக்கிறார். ஐ.ஐ.டி மெட்ராஸில் படித்து, பின்னர் அமெரிக்காவின் எம்.ஐ.டி-யில் பேராசிரியரான ஹரி பாலகிருஷ்ணன், கீத் வின்ஸ்டைன் என்ற ஆராய்ச்சியாளருடன் சேர்ந்து 2012-ல் ‘மாஷ்’ என்ற மென்பொருள் பற்றிய ஆய்வை வெளியிட்டார். ‘மொபைல் ஷெல்’ என்பதன் சுருக்கம் அது. தட்டிய எழுத்தை, அந்தப் பக்கத்திலிருந்து பதில் வருவதற்கு முன்பே, அது இப்படித்தான் தெரியும் என்று ஊகித்து உடனே திரையில் காட்டிவிடும். வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினாலும், லேப்டாப்பை மூடித் திறந்தாலும் இணைப்பு அறுந்துபோகாது. பஸ்ஸிலும் ரயிலிலும் வேலை செய்பவர்களுக்காகவே செய்தது போன்ற ஏற்பாடு.

நடுவில் கரன்ட் போனால்?

நம் ஊரில் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி இது. நான்கு மணி நேரம் ஓட வேண்டிய வேலையைத் தூரத்து கம்ப்யூட்டரில் தொடங்கியாகிவிட்டது. மூன்றாவது மணி நேரத்தில் இங்கே கரன்ட் போய், மோடம் அணைந்துவிட்டது. வேலை என்ன ஆகும்?

பலர் நினைப்பதற்கு நேர்மாறானது பதில். விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப்பில் இணைப்பு அறுந்தால், அந்தப் பக்கம் திறந்திருந்த புரோகிராம்கள் வழக்கமாக அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். மீண்டும் நுழைந்தால் விட்ட இடத்திலேயே தொடரலாம். சாதாரண டெர்மினல் இணைப்பில் அப்படி இல்லை. இணைப்பு அறுந்தால், அதில் ஓடிக்கொண்டிருந்த வேலையும் பொதுவாக அதோடு நின்றுவிடும். மூன்று மணி நேர உழைப்பு போச்சு!

இதற்கும் எளிய வழி உண்டு. ‘ஸ்கிரீன்’, ‘டிமக்ஸ்’ என்ற இரண்டு இலவச மென்பொருள்கள் லினக்ஸ் உலகில் பிரபலம். தூரத்து கம்ப்யூட்டருக்குள் நுழைந்ததும் முதலில் இவற்றில் ஒன்றைத் திறந்து, அதற்குள் வேலையைத் தொடங்க வேண்டும். பிறகு இங்கே கரன்ட் போனாலும், லேப்டாப் அணைந்தாலும் அங்கே வேலை ஓடிக்கொண்டே இருக்கும். மறுநாள் காலையில் வேறு கம்ப்யூட்டரிலிருந்து நுழைந்துகூட விட்ட இடத்தைப் பிடித்துக்கொள்ளலாம். டெர்மினலைக் கற்கும் ஒருவர் முதல் வாரத்திலேயே பழக வேண்டிய விஷயம் இது. இது தெரியாமல் ‘டெர்மினல் சரிப்பட்டு வராது’ என்று கைவிட்டவர்கள் ஏராளம்.

எந்த வேலைக்கு எது?

வெப்சைட் ஓடும் சர்வரைப் பராமரிப்பது, பிழை எங்கே என்று பதிவேட்டைத் தேடுவது, டேட்டாபேஸை பேக்கப் எடுப்பது, ஃபைல்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றுவது, மணிக்கணக்கில் ஓடும் கணக்கைத் தொடங்கிவைப்பது... இவற்றுக்கெல்லாம் டெர்மினல்தான் சரி. பல சர்வர்களில் டெஸ்க்டாப் திரையே நிறுவியிருக்க மாட்டார்கள். யாரும் பார்க்காத திரைக்காக மெமரியை வீணாக்குவானேன் என்பதுதான் காரணம்.

ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும் என்றாலும் டெர்மினல்தான் ராஜா. திருமண ஆல்பத்தின் 500 போட்டோக்களின் அளவைக் குறைக்க வேண்டும் என்றால், மவுஸில் ஒவ்வொன்றாகத் திறந்து செய்தால் விரல் ஓய்ந்துவிடும். டெர்மினலில் ஒரே வரியில் முடியும். அந்த வரியை எழுதிவைத்துக்கொண்டால், அடுத்த கல்யாணத்துக்கும் அதே வரி உதவும்.

ஆனால், அந்தப் போட்டோக்களில் மணப்பெண் கண்ணை மூடியிருக்கும் படங்களை நீக்க வேண்டும் என்றால்? கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். வீடியோ எடிட்டிங், வீட்டு பிளான் வரைவது, போஸ்டர் டிசைன், டேலி போன்ற விண்டோஸ் மென்பொருள்கள், பேங்க் கணக்கோடு எக்செல் ஷீட்டை ஒப்பிட்டுப் பார்ப்பது... இவற்றுக்கு ரிமோட் டெஸ்க்டாப்தான் வழி. இங்கே டெர்மினலைப் பிடித்துக்கொண்டு அடம்பிடிப்பதில் அர்த்தம் இல்லை.

தமிழ் எழுத்தோடு புழங்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டெர்மினல் என்பது கட்டம் போட்ட நோட்டு மாதிரி. ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம். ஆங்கிலத்துக்கு அது ஒத்துவரும். நம்முடைய ‘கொ’வைப் பாருங்கள். முன்னால் ஒற்றைக்கொம்பு, நடுவில் ‘க’, பின்னால் துணைக்கால். இதைக் கட்டத்துக்குள் அடைக்கத் தெரியாமல் பல டெர்மினல்கள் தடுமாறும். எழுத்து உடையும், வரி கோணும். ஃபைல் பெயர்கள் தமிழில் இருந்தாலோ, தமிழ்க் கட்டுரையைத் திருத்த வேண்டும் என்றாலோ கலர்த் திரைதான் கண்ணுக்கு நல்லது.

பார்வையற்றவர்களுக்கு நிலைமை தலைகீழ். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ‘ஸ்கிரீன் ரீடர்’ மென்பொருளை நம்பித்தான் அவர்கள் வேலை செய்கிறார்கள். டெர்மினலில் வருவது எழுத்து என்பதால் அது படித்துவிடும். ரிமோட் டெஸ்க்டாப்பில் வருவது படம். இங்கே இருக்கும் ஸ்கிரீன் ரீடருக்கு அந்தப் படத்துக்குள் இருக்கும் எழுத்து தெரியாது. அந்தப் பக்க கம்ப்யூட்டரிலும் ஸ்கிரீன் ரீடர் ஏற்பாடு இருந்தால்தான் உண்டு. பார்வையற்ற ஊழியரிடம் ‘எல்லாரும் ரிமோட் டெஸ்க்டாப்தான்’ என்று சொல்லும் ஆபீஸ், தெரியாமலேயே அவருக்குக் கதவை மூடிவிடுகிறது.

கேள்வி கேட்காத கமாண்ட்

டெர்மினலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. சொன்னதைச் செய்யும். ‘நிஜமாகவா?’ என்று பெரும்பாலும் கேட்காது. கலர்த் திரையில் ஃபைலை அழித்தால் வழக்கமாகக் குப்பைத்தொட்டிக்குப் போகும், மீட்டு எடுக்கலாம். டெர்மினலில் அழித்தால் அழித்ததுதான்.

இதற்குப் பெரிய விலை கொடுக்கவிருந்த நிறுவனம், குழந்தைகளுக்குப் பிடித்த பொம்மைப் படங்களை எடுத்த பிக்சார். 1998-ல் ‘டாய் ஸ்டோரி 2’ தயாராகிக்கொண்டிருந்த நேரம். யாரோ தவறான இடத்தில் கொடுத்த அழிக்கும் கமாண்ட், படத்தின் ஃபைல்களைத் தின்ன ஆரம்பித்தது. உட்டி கதாபாத்திரத்தின் தொப்பி காணாமல் போனது. பிறகு பூட்ஸ். பிறகு உட்டியே காணாமல் போனார். சர்வரை நிறுத்துவதற்குள் படத்தின் 90 சதவிகிதம் அழிந்துவிட்டது. பேக்கப்பைத் தேடினால், அதுவும் சரியாக வேலை செய்யவில்லை.

படத்தைக் காப்பாற்றியது ஒரு தாய். தொழில்நுட்பப் பிரிவை மேற்பார்வை செய்த கேலின் சூஸ்மன், குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தார். வாரம் ஒரு முறை படத்தின் ஃபைல்கள் அவருடைய வீட்டு கம்ப்யூட்டருக்குத் தானாகவே நகலாகும்படி ஏற்பாடு இருந்தது. அந்த கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, காரில் பத்திரமாக ஸ்டூடியோவுக்குக் கொண்டுவந்தார்கள்.

டெர்மினலைக் கண்டு பயப்பட வேண்டும் என்பதல்ல இதன் பாடம். அழிக்கும் கமாண்டை அடிக்கும் முன் எந்த கம்ப்யூட்டரில், எந்த ஃபோல்டரில் நிற்கிறோம் என்று ஒரு முறை பார்க்க வேண்டும். யாரோ அனுப்பிய கமாண்டை, என்ன செய்யும் என்று புரியாமல் ஒட்டக் கூடாது. பேக்கப் வேலை செய்கிறதா என்று அவ்வப்போது திறந்து பார்க்க வேண்டும்.

பூட்டுப் போட்ட வாசல்

எந்த வாசலாக இருந்தாலும், பூட்டு சரியில்லை என்றால் திருடனுக்கும் அதுதான் வழி. டெர்மினல் உலகம் இந்தப் பாடத்தை 1995-ல் கற்றது. ஃபின்லாந்தின் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ ஒட்டுக்கேட்டு பாஸ்வேர்டுகளைத் திருடினார்கள். அப்போது பயன்பாட்டில் இருந்த ‘டெல்நெட்’, பாஸ்வேர்டைக்கூட மறைக்காமல் அப்படியே அனுப்பிக்கொண்டிருந்தது. கடுப்பான அந்தப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் டாட்டு இலோனன், எல்லாவற்றையும் ரகசியக் குறியீடாக மாற்றி அனுப்பும் ‘எஸ்.எஸ்.ஹெச்’ முறையை எழுதி, அதே ஆண்டு இலவசமாக வெளியிட்டார். இன்றுவரை டெர்மினல் இணைப்புக்கு அதுதான் தரம். விண்டோஸ் 10-லும் 2018 முதல் இது உள்ளேயே வருகிறது; தனியாக எதையும் வாங்கத் தேவையில்லை. பாஸ்வேர்டுக்குப் பதிலாக ‘கீ’ எனப்படும் சாவி ஃபைலைப் பயன்படுத்தினால் இன்னும் பாதுகாப்பு.

மைக்ரோசாஃப்டின் ரிமோட் டெஸ்க்டாப்பும் குறியீடாக்கித்தான் அனுப்புகிறது. ஆனால், பல சிறு நிறுவனங்கள் வசதிக்காக அதை நேராக இன்டர்நெட்டில் திறந்துவைத்துவிடுகின்றன. திறந்திருக்கும் வாசல்களை இரவு பகலாகத் தட்டிப் பார்ப்பதற்கென்றே புரோகிராம்கள் ஓடுகின்றன. ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ‘ரான்சம்வேர்’ கும்பல்களுக்குப் பிடித்த நுழைவழிகளில் இதுவும் ஒன்று. 2019-ல் ‘புளூகீப்’ என்ற ஓட்டை தெரியவந்தபோது, எப்போதோ ஆதரவை நிறுத்திவிட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் அவசரமாகத் திருத்தம் வெளியிட்டது. ஆபத்து அவ்வளவு பெரியது. ஆகவே, ஆபீஸ் டெஸ்க்டாப்பை வி.பி.என் வழியாக மட்டுமே திறக்க வேண்டும்; பாஸ்வேர்டோடு, போனில் உறுதிசெய்யும் இரண்டாவது பூட்டும் வேண்டும்.

வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டியது இன்னொன்று. எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற செயலிகள் நல்ல கருவிகள்தான். வெளியூரில் இருக்கும் பிள்ளை, அப்பாவின் கம்ப்யூட்டரைச் சரிசெய்ய அவை உதவும். ஆனால், ‘பேங்க்ல இருந்து பேசறோம் சார், இந்த ஆப்பைப் போட்டு அதுல வர்ற நம்பரைச் சொல்லுங்க’ என்று யாராவது கூப்பிட்டால், அது உதவி அல்ல. அந்த நம்பரைச் சொல்லி, கேட்கும் அனுமதியைக் கொடுப்பது வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்குச் சமம். 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி இப்படிப்பட்ட மோசடி பற்றி, எனிடெஸ்க்கின் பெயரைக் குறிப்பிட்டே வங்கிகளை எச்சரித்தது. ஏமாந்துவிட்டால் முதலில் நெட்டைத் துண்டிக்க வேண்டும். உடனே தேசிய சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கும், வங்கிக்கும் போன் செய்ய வேண்டும்.

நடுவழியும் உண்டு

‘ரெண்டுல ஒண்ணுதானா?’ என்றால், இல்லை. பார்ப்பதை இந்தப் பக்கமும் உழைப்பை அந்தப் பக்கமும் பிரித்துக்கொள்ளும் வழி ஒன்று உண்டு. புரோகிராம் எழுதுபவர்களிடையே பிரபலமான வி.எஸ். கோட் மென்பொருளில் 2019 முதல் இந்த வசதி இருக்கிறது. மெனு, நிறம், எழுத்துகள் எல்லாம் உங்கள் லேப்டாப்பிலேயே ஓடும். ஃபைலும் கணக்கும் தூரத்து சர்வரில். நடுவில் போவது எஸ்.எஸ்.ஹெச் வழியாகச் செல்லும் சொற்பத் தகவல்தான். மவுஸின் வசதி, டெர்மினலின் சிக்கனம் இரண்டும் கிடைக்கும்.

டேட்டா சயின்ஸ் படிக்கும் மாணவர்கள் பயன்படுத்தும் ‘ஜூபிட்டர் நோட்புக்’கும் இதே ரகம்தான். பிரவுசரில் எழுதினால், சர்வர் கணக்கிட்டு, வரைபடத்தை மட்டும் திருப்பி அனுப்பும்.

முடிவெடுக்க ஐந்து கேள்விகள்

1. வேலையைக் கண்ணால் பார்த்துத்தான் செய்ய வேண்டுமா, வார்த்தையில் சொன்னால் போதுமா? பார்க்க வேண்டும் என்றால் டெஸ்க்டாப். சொன்னால் போதும் என்றால் டெர்மினல்.

2. ஒருமுறை செய்யும் வேலையா, தினமும் வரும் வேலையா? ஒருமுறைதான் என்றால் தெரிந்த வழியிலேயே முடித்துவிடலாம். தினமும் என்றால் கமாண்டைக் கற்கச் செலவிடும் ஒரு வாரம் வீண்போகாது.

3. இணைப்பு எப்படி? ஹாட்ஸ்பாட், அடிக்கடி அறுந்துபோகும் நெட், தூர தேசத்து சர்வர் என்றால் டெர்மினல். கூடவே டிமக்ஸ் அல்லது மாஷ். டெஸ்க்டாப்தான் வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால், திரையின் அளவையும் நிறத் தரத்தையும் குறைத்து, பின்னணிப் படத்தையும் நீக்கிவிட்டால் இழுவை குறையும்.

4. அந்தப் பக்கம் என்ன கம்ப்யூட்டர்? லினக்ஸ் சர்வர் என்றால் டெர்மினல் தயாராக இருக்கும். விண்டோஸ் என்றால் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். ‘ஹோம்’ பதிப்பு வெளியிலிருந்து வரும் மைக்ரோசாஃப்ட் ரிமோட் டெஸ்க்டாப் இணைப்பை ஏற்காது. ‘புரோ’ பதிப்பு வேண்டும்.

5. யார் பயன்படுத்தப் போகிறார்கள்? பார்வைத்திறன், பழக்கம், மொழி எல்லாம் இதில் அடக்கம். தெரியாதவர் தப்பு செய்தால் மீட்க பேக்கப் இருக்கிறதா என்பதும்.

டெர்மினலே பழக்கம் இல்லாதவர்கள் தொடங்குவது கஷ்டமும் இல்லை, செலவும் இல்லை. ஆண்ட்ராய்டு போனில் ‘டெர்மக்ஸ்’ செயலியைப் போட்டாலே கருப்புத் திரை கைக்கு வந்துவிடும். எங்கே நிற்கிறோம், இங்கே என்ன இருக்கிறது, அடுத்த ஃபோல்டருக்கு எப்படிப் போவது, ஃபைலை எப்படி நகலெடுப்பது, எப்படித் திறந்து படிப்பது... இந்த ஐந்துக்கான கமாண்ட்கள் தெரிந்தால் அன்றாட வேலையில் பெரும்பகுதி நடந்துவிடும். அழிக்கும் கமாண்டைக் கடைசியாகக் கற்றுக்கொள்ளலாம்; அவசரமே இல்லை.

டெஸ்க்டாப் மட்டுமே தெரிந்தவர், நெட் நன்றாக இருக்கும் நாளில் மட்டும் வேலை செய்ய முடியும். டெர்மினல் மட்டுமே தெரிந்தவர், படம் பார்த்துச் செய்யும் வேலையில் மாட்டிக்கொள்வார். இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தவருக்கு, மழை நாளில் சிக்னல் ஒற்றைக் கோட்டுக்கு இறங்கினாலும் அன்றைய வேலை அன்றைக்கே முடியும்.